கோளுக்கு வைத்த பெயர்

அந்தப் பென்சில் படம் எங்கும் போய்விடவில்லை. இடம்தான் மாறியிருந்தது. முன்பெல்லாம் விளையாட்டில் கோளின் பெயருக்குப் பக்கத்திலேயே எல்லோருக்கும் தெரியக் குந்தியிருக்கும். இப்போது பெயருக்கு மேலே மவுஸைக் கொண்டுபோய்ச் சற்று நேரம் அசையாமல் வைத்திருந்தால் மட்டும் மெல்லத் தலைகாட்டியது. கஜானி அதைத் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. பறந்து வந்து திரையில் குந்திய இலையானை இடது கையால் கலைத்தபோது வலது கை மவுஸோடு அப்படியே நின்றுவிட்டது, அவ்வளவுதான். பென்சிலை அழுத்தினாள். பெயர் இருந்த இடம் வெள்ளையாகி, எழுது எழுது என்று ஒரு கோடு துடித்தது.

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். குசினிக்குள் அம்மா தேத்தண்ணிக்குக் கேத்தில் வைக்கும் சத்தம் கேட்டது. விளையாட்டின் மறுபக்கத்தில், பாரிஸில், அவளுடைய கணவன் நிருஷன் தன் நட்சத்திரங்களோடு இருந்தான். தொலைந்துபோனது என்று நினைத்த பொருள் கிடைத்தால் மனிதருக்குச் சந்தோஷம் வரவேண்டும். கஜானிக்கு அது வரவில்லை. பெயர் வைக்கும் வசதியை மாசி மாதத்து அப்டேற் எடுத்துவிட்டது என்றுதான் அவள் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். எடுக்கவில்லை. அப்படியென்றால் அவன் ஏன் பெயர் வைப்பதை விட்டான்?

அவள் இந்த விளையாட்டுக்குள் விழுந்த கதையைச் சொல்லாவிட்டால், ஒரு பென்சிலுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று தோன்றும்.

நிருஷன் உரும்பிராயைச் சேர்ந்தவன். தாய் தகப்பன் இல்லை. பாரிஸில் ஒரு ரெஸ்ரோறன்ரின் குசினியில் வேலை. லண்டனில் இருக்கும் கஜானியின் சித்தப்பாதான் கலியாணம் பேசினார். அவளுடைய ஊரான சண்டிலிப்பாய்க்கு வந்து, கல்வளைப் பிள்ளையார் கோயிலில் தாலி கட்டி, சில கிழமைகள் இருந்துவிட்டு, விமானம் ஏறிப் போய்விட்டான். பிரான்சில் தன்னுடைய வதிவிட அனுமதிக் காட்டைப் புதுப்பித்தவுடன் அவளைக் கூப்பிடுவதாக ஏற்பாடு. நல்லவன். ஆனால் வாயைத் திறந்தால் முத்து கொட்டுண்டு போகும் என்று பயந்தவன் மாதிரி. வட்ஸ்அப்பில் எடுத்தால் "சாப்பிட்டனீரோ?" என்பான். "ஓம்" என்பாள். "வேறை என்ன?" என்பான். யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் தெரியும், இந்த "வேறை என்ன" வந்துவிட்டால் அதற்குப் பிறகு வேறு ஒன்றும் வராது. கஜானி மானிப்பாயில் ஒரு ஸ்ரூடியோவில் கலியாண அல்பங்கள் வடிவமைக்கிறவள். பகல் முழுக்க ஊரில் உள்ள சோடிகளை மாலையும் கழுத்துமாக நெருக்கி வைத்து ஒட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து "வேறை என்ன"வோடு மல்லுக்கட்டுவது அவளுக்கு அலுத்துப்போனது.

ஒருநாள் கேட்டாள், "ஞாயிற்றுக்கிழமையிலை என்னதான் செய்வியள்?"

"ஒண்டுமில்லை. ஒரு கேம் விளையாடுவன். நட்சத்திரம், கப்பல் எண்டு ஒரு கேம். உமக்கு விளங்காது."

"நானும் வரட்டோ?"

அவன் சிரித்தான். கலியாண வீட்டில்கூட அவள் அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை.

பாரிஸுக்குப் போகும்போது அவன் அவளுக்கென்று விட்டுப்போன பழைய லப்ரொப்பிலேயே அந்த விளையாட்டு இருந்தது. ஒரு பால்வீதி, அதில் கண்ணுக்கு எட்டும்வரை நட்சத்திரங்கள். ஆளுக்கொரு கோளோடு தொடங்க வேண்டும். கப்பல் அனுப்பி அயலை அளக்க வேண்டும், புதிய கோள்களில் குடியேற்ற வேண்டும், எல்லை பிடிக்க வேண்டும், எல்லைக்கு அப்பால் இருப்பவன் நல்லவனா கெட்டவனா என்று மட்டிட வேண்டும். ஒரு பின்னேரத்துக்குள் அங்கே நூற்றாண்டு ஓடிவிடும். அம்மா அருமைநாயகி எட்டிப் பார்த்துவிட்டு, "கறுத்தச் சீலையிலை உப்பைக் கொட்டினமாதிரிக் கிடக்கு, உதுக்குள்ளை என்னத்தைப் பிள்ளை தேடுறாய்?" என்றாள். ஆனால் மருமகனின் குரல் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து வருவது தெரிந்ததும் அம்மாவுக்கு அது ஒரு மரியாதைக்குரிய பெட்டியாகிவிட்டது. ஞாயிறு தோறும் தேத்தண்ணியோடு வந்து நின்று, "சாப்பிட்டாராமோ எண்டு கேள்" என்பாள். கஜானி கேட்பாள். அவன் சாப்பிட்டதாகச் சொல்வான். அம்மா திருப்தியோடு போவாள்.

விளையாட்டுக்குள் நிருஷன் வேறு மனிதன். கதைத்துத் தள்ளினான். ஆனால் கை மட்டும் நிதானம். எதிரிக் கப்பல் ஒன்று தூரத்தில் தெரிந்தாலே முழு விளையாட்டையும் நிறுத்திவிடுவான். யார் நிறுத்தினாலும் இருவருக்கும் காலம் நின்றுவிடும். கப்பல்கள் இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே அப்படியே தொங்கும். நிறுத்தியவரின் பெயர் திரையின் நடுவில் ஆங்கிலத்தில் தெரியும்.

"முதல்லை நிப்பாட்டும். நிப்பாட்டிப்போட்டு யோசியும். ஓடுறதெண்டாலும் யோசிச்சு ஓட வேணும்" என்பான். அவன் ஒரு சண்டையும் தொடங்கியதில்லை. அறையில் கூட இருக்கும் குருநகர்ப் பெடியன் கிறிஸ்ரோபர் பின்னால் நின்று, "அடியுங்கோ அண்ணை, அடியுங்கோ" என்று கத்துவது அவளுக்குக் கேட்கும். "உவன் பாத்துப் பாத்தே என்னைவிட நல்லாப் பழகீட்டான். என்ன, பொறுமை இல்லை. சண்டையெண்டாப் பாஞ்சிடுவான்" என்று நிருஷன் சிரிப்பான்.

சண்டை பிடிக்காத நேரத்தில் அவன் செய்தது பெயர் வைப்பது. விளையாட்டுத் தானாகக் கொடுக்கும் வாய்க்குள் நுழையாத பெயர்களை அழித்துவிட்டு, ஆங்கில எழுத்தில் உரும்பிராய் என்பான், மாதகல் என்பான். அனல் பறக்கும் ஒரு கோளுக்கு அவர்களுடைய கலியாணத்தில் சண்டை பிடித்த மாமாவின் பெயரை வைத்தான். கடலும் மரமும் உள்ள மிக நல்ல கோளுக்குக் கஜானி என்று வைத்தான். அவளுக்கு வெட்கம் வந்தது, சந்தோஷமும் வந்தது.

"நீரும் ஒண்டுக்கு என்ரை பேரை வையுமன்."

"ஐயோ, நான் மாட்டன்."

"ஏன்? எழுதத்தானே கேட்டனான், சொல்லவோ கேட்டனான்?"

அவள் சிரித்து மழுப்பினாள். அவள் வயதுக்காரிகள் புருஷனைப் பெயர் சொல்லி, வாடா போடா என்றும் கூப்பிடுகிற காலம்தான் இது. ஆனால் அவளுக்கு நாக்கு எழாது. அதற்குக் காரணம் வெட்கமோ மரியாதையோ அல்ல. அந்த வீட்டில் ஒரு புருஷனின் பெயர் எப்போது சொல்லப்பட்டது என்பது அவளுக்குத் தெரியும். அப்பா புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர், சைக்கிளும் திரும்பி வரவில்லை, அவரும் திரும்பி வரவில்லை. அப்போது கஜானி பள்ளிக்கூடச் சட்டையோடு இருந்த வயது. அதுவரை அம்மா அப்பாவின் பெயரை வாயால் சொல்லி அவள் கேட்டதே இல்லை. அவரைக் கூப்பிட "இஞ்சேருங்கோ" என்பாள், பிள்ளையிடம் சொல்ல "கொப்பா" என்பாள். அதன் பிறகுதான் இராணுவ முகாம் வாசலில், அரசாங்கக் கச்சேரியில், காணாமல்போனவர்களை விசாரித்த ஒவ்வொரு ஆணைக்குழுவின் மேசைக்கு முன்னாலும், "பெயர்?" என்று கேட்கக் கேட்க, அம்மா தலையைக் குனிந்துகொண்டு "பரமலிங்கம்" என்று சொன்னாள். பக்கத்தில் நின்ற பிள்ளைக்கு அந்தப் பெயர் மேசைகளில் மட்டும் சொல்லும் பெயராகவே மனதில் நின்றுவிட்டது. இறந்ததாக ஒரு சான்றிதழ் எடுத்தால் உதவி கிடைக்கும் என்று பலர் சொன்னார்கள். அம்மா எடுக்கவில்லை. இன்றைக்கும் குளித்துவிட்டு வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்று குங்குமப் பொட்டை வட்டமாக வைக்கிறாள். ஊர் பார்த்துப் பார்த்து, இப்போது பார்ப்பதையும் விட்டுவிட்டது.

இதையெல்லாம் நிருஷனுக்குச் சொல்ல வேண்டும் என்று கஜானி நினைப்பாள். பாரிஸுக்குப் போன பிறகு நேரில் சொல்லலாம் என்று விட்டுவிடுவாள்.

அந்த விளையாட்டின் பெரிய வில்லங்கம் என்னவென்றால், கற்று முடித்த கையோடு அது மாறிவிடும். செய்தவர்கள் எங்கோ இருந்துகொண்டு அப்டேற் ஒன்றை அனுப்புவார்கள். முதலில் கப்பல்கள் நினைத்த திசையில் எல்லாம் போகலாம். பிறகு ஒரு அப்டேற் வந்து, போட்ட பாதையால் மட்டும்தான் போகலாம் என்றது. கோளின் தரையில் கட்டம் கட்டமாக ஆட்களை வைக்கப் பழகியிருந்தாள். அடுத்தது வந்து கட்டங்களையே இல்லாமல் செய்தது. ஒவ்வொரு தடவையும் பழைய பால்வீதியைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். இருவரும் ஒரே பதிப்பில் இல்லாவிட்டால் சேர்ந்து விளையாடவும் விடாது. கைபேசி டேற்றாவில் அவ்வளவு பெரியதை இறக்க முடியாது என்று, லப்ரொப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் மானிப்பாய்க்குப் போய், ஸ்ரூடியோ வைபையில் போட்டுவிட்டு, அது இறங்கும்வரை யாரோ ஒரு மணமகளின் முகப்பருவை அழித்துக்கொண்டிருப்பாள். சலித்துக்கொண்டுதான் செய்தாள். இருந்தாலும் நாட்டில் மற்ற எல்லாம் மாறும்போது யாரும் சொல்லிவிட்டு மாற்றியதில்லை. இவர்கள் குறைந்தபட்சம் எதை மாற்றினோம் என்று நீளமாக எழுதியாவது வைக்கிறார்கள். அவள்தான் அதை ஒருநாளும் முழுதாக வாசித்ததில்லை.

மாசியில் வந்தது எல்லாவற்றிலும் பெரியது. அதற்கு முந்தின ஞாயிறு நிருஷன் அதிகம் கதைக்கவில்லை. பழைய "வேறை என்ன" நிருஷனாக இருந்தான். போகும்போது மட்டும், "அப்டேற் வந்தாப் பிறகு புதுசாத் தொடங்குவம். கொஞ்சம் பிந்தினாலும் யோசியாதையும்" என்றான்.

அடுத்த ஞாயிறு அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. குரல் வரவில்லை. ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ் வந்தது. அப்டேற்றுக்குப் பிறகு மைக் வேலை செய்யவில்லையாம். போன் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் விழுந்துவிட்டதாம். வேலை நேரமும் மாறிவிட்டதாம். இனி ஞாயிற்றுக்கிழமை இதற்குள்ளேயே எழுதிக் கதைப்போம். கஜானி நம்பினாள். நம்பாமல் என்ன? விளையாட்டே தலைகீழாக மாறியிருந்தது. படங்கள் இடம் மாறி, நிறங்கள் மாறி, தெரிந்த ஒரு பொத்தானும் தெரிந்த இடத்தில் இல்லை. ஆளும் கொஞ்சம் மாறியிருந்தால் அது பெரிய விஷயமாக அவளுக்குப் படவில்லை.

மாறித்தான் இருந்தான். முன்பு எதிரியைக் கண்டு விளையாட்டை நிறுத்துகிறவன், இப்போது நிறுத்தாமல் பாய்ந்தான். அவளுடைய எல்லையில் கொள்ளைக் கப்பல்கள் வந்தபோது, கேட்காமலே தன் முழுப் படையையும் கொண்டுவந்து நடுவில் நிறுத்தினான். பாதிக் கப்பல்கள் போயின. "பரவாயில்லை" என்று எழுதினான். தன் சுரங்கங்களில் எடுப்பதை எல்லாம் அவளுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தான். அவள் வேண்டாம் என்றாலும் அனுப்பினான். அவள் எதை எழுதினாலும் மறுமொழி வந்தது. ஸ்ரூடியோவில் நடந்தது, மழை பெய்யாதது, அம்மாவின் முழங்கால் வலி, எல்லாவற்றையும் கேட்டான். "வேறை என்ன" என்று ஒருதடவையும் எழுதவில்லை. காட் என்னவாயிற்று என்று கேட்டால் மட்டும், "பாப்பம்" என்று நின்றுவிடும்.

உண்மையைச் சொன்னால், கஜானி தன் புருஷன் மேல் ஆசை வைத்தது அதற்குப் பிறகுதான். தாலி கட்டியபோது மரியாதை இருந்தது. முதல் பால்வீதியில் சிரிப்பு இருந்தது. மாசிக்குப் பிறகு வந்த ஞாயிறுகளில்தான் நெஞ்சு அடித்தது. திங்கள் காலையிலேயே அடுத்த ஞாயிறை நினைத்தாள். ஒரு நாள், நீங்கள் இல்லாட்டி எனக்கு இந்த வீட்டிலை மூச்சு முட்டும் என்று எழுதிவிட்டு, திரையைப் பார்க்க வெட்கப்பட்டு எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டாள். திரும்பி வந்து பார்த்தபோது அதற்கு மறுமொழி இல்லை. சுரங்கத்தில் எடுத்தது மட்டும் வழமையைவிடக் கூடுதலாக வந்து சேர்ந்திருந்தது.

அவனுடைய புதிய கோள்களுக்கு ஒன்றுக்கும் பெயர் இல்லை. விளையாட்டுக் கொடுத்த பெயர்களே கிடந்தன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம், பாவி அப்டேற் அதையும் பறித்துவிட்டது என்று பழியை அங்கேயே போட்டாள்.

இப்போது பென்சில் அங்கே இருந்தது. பெயர் வைக்காமல் இருக்கமாட்டாத நிருஷன் அதைத் தேடிக்கூடப் பார்க்கவில்லையா?

அந்த ஞாயிறு அவள் ஒன்றும் கேட்கவில்லை. தலையிடி என்று எழுதிவிட்டு மூடினாள். மறுநாள் லண்டன் சித்தப்பாவுக்குப் போன் எடுத்தாள். "அவன் வேலையாய் இருப்பான் பிள்ளை" என்றார் அவசரமாக. "அங்கை வெயில் எப்பிடி?" என்று கேட்டார். அவர் ஒருநாளும் வெயிலை விசாரிக்கிற மனிதர் அல்ல. போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போனாள். அம்மா பலகையில் குந்தியிருந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, ஞாயிற்றுக்கிழமையிலை எழுதுறது அவர்தானோ எண்டு எனக்கு ஐமிச்சமாய்க் கிடக்கு."

அம்மாவின் கை நிற்கவில்லை. பழுத்த இலையை ஒரு பக்கம் போட்டாள், பச்சை இலையைச் சுளகில் போட்டாள்.

"கேட்டுப் பாக்கப் போறன்" என்றாள் கஜானி.

"கேட்டா மறுமொழி வரும் பிள்ளை."

"வரட்டுமன்."

"நான் எத்தினை மேசையிலை கேட்டனான். ஒவ்வொருக்காலும் கேட்டுப்போட்டு, அவங்கள் வாயைத் திறக்க முதல் எழும்பி ஓடவேணும் போலத்தான் இருந்தது." அம்மா சுளகை ஒருமுறை குலுக்கினாள். "கேளாதை."

அந்தக் கிழமை அவளுக்கு எப்படிப் போனது என்று கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது. ஒரு அல்பத்தில் மாப்பிள்ளையின் படத்தை வேறொரு பெண்ணுக்குப் பக்கத்தில் ஒட்டி முதலாளியிடம் ஏச்சு வாங்கினாள். யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு வழி கண்டாள். கேட்காமலே கேட்கலாம். ஒரு கோளுக்குத் தன் பெயரை அவள் எழுத வேண்டும் என்று நிருஷன் எத்தனை தடவை கெஞ்சியிருப்பான். எழுதினால் அவன் துள்ளிக் குதிப்பான். பகிடி பண்ணுவான். குறைந்தபட்சம் ஒரு வார்த்தை எழுதாமல் இருக்கமாட்டான். அவன் அவன்தான் என்றால்.

ஞாயிறு பின்னேரம் பச்சைப் புள்ளி எரிந்தது. "தலையிடி சுகமோ?" என்று வந்தது. "ஓம்" என்று எழுதினாள். தன்னுடைய தலைநகரக் கோளைத் திறந்தாள். பெயருக்கு மேல் மவுஸை வைத்துக் காத்திருந்தாள். பென்சில் வந்தது. விளையாட்டுத் தமிழ் எழுத்தை ஏற்காது. ஒவ்வொரு ஆங்கில எழுத்தாகத் தட்டினாள். அம்மா மேசைக்கு முன் குனிந்து நின்றது நினைவுக்கு வந்தது. எழுதி முடித்து ஏற்றியதும் பால்வீதியின் வரைபடத்தில், அவனுடைய எல்லைக்கு முட்டிக்கொண்டு, அவளுடைய நட்சத்திரத்தின் கீழ் நிருஷன் என்று ஒளிர்ந்தது. அந்தப் பக்கம் இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டாலன்றி அதைக் காணாமல் இருக்க முடியாது.

மாதங்கள் ஓடின, விளையாட்டின் மாதங்கள். அவனுடைய கப்பல்கள் அந்தப் பெயரைத் தாண்டிப் போய் வந்தன. ஒரு வார்த்தை இல்லை. பிறகு வந்தது.

"கனிமம் போதுமோ? இன்னும் அனுப்பவோ?"

கஜானி விசைப்பலகையில் கைகளை வைத்தாள். இனி அம்மாவின் பேச்சைக் கேட்க அவளுக்கு வழி இருக்கவில்லை. பெயரை எழுதியாயிற்று.

"நீங்கள் ஆர்?"

அவனுடைய படை அவளுடைய எல்லைக்கு வந்துகொண்டிருந்தது. எப்போதும் போல அவளுக்குக் காவல் நிற்கத்தான் வந்திருக்கும். இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே வந்தபோது எல்லாம் நின்றது. மாசிக்குப் பிறகு முதல் தடவையாக அந்தப் பக்கத்தில் யாரோ விளையாட்டை நிறுத்தியிருந்தார்கள். திரையின் நடுவில் வெள்ளை எழுத்து வந்தது. நிருஷன் விளையாட்டை நிறுத்தி வைத்திருக்கிறார்.

கீழே ஒரு சொல் வந்தது.

"அக்கா"

அதற்குப் பிறகு ஒவ்வொரு வரியாக வந்தது.

"நான் கிறிஸ்ரோபர்."

"அண்ணைக்குக் காட் புதுப்பிச்சுக் குடுக்கேல்லை. நிண்டாப் பிடிச்சு அனுப்பிப்போடுவாங்கள் எண்டு மாசியிலை லண்டனுக்கு வெளிக்கிட்டவர். கடலாலை, போட்டிலை."

"உங்களுக்குச் சொன்னாப் பயப்பிடுவியள், போய்ச் சேந்து தானே சொல்லுறன், அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமையிலை நீ போய் இரு எண்டு இந்தக் கணக்கைத் தந்துபோட்டுப் போனவர். ஒரு கிழமைதானே எண்டு நானும் ஓம் எண்டனான்."

கஜானி தட்டினாள். "இப்ப எங்கை?"

"தெரியாது அக்கா. போட் கவிண்டது. உயிரோடை எடுத்த ஆக்களுக்கையும் இல்லையாம். மற்றாக்களுக்கையும் இல்லையாம். உங்கடை சித்தப்பா ஒவ்வொரு இடமாப் போய்ப் பேரைச் சொல்லிக் கேட்டவர்."

"சொல்ல வேணும் எண்டு ஒவ்வொரு ஞாயிறும் நினைச்சனான். நீங்கள் சந்தோஷமா எழுதுவியள். எனக்கு வாய் வரேல்லை."

அவளுக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, அருவருப்பு. மூச்சு முட்டும் என்று எழுதியதை வாசித்தது இவன். அவள் கிணற்றடிக்கு ஓடிய வெட்கத்தைக் கண்டது இவன். லப்ரொப்பைத் தூக்கி முற்றத்தில் எறிய வேண்டும் போல இருந்தது. அவள் இங்கே ஆசையை வளர்த்துக்கொண்டிருந்த அத்தனை நாளும் நிருஷன் எந்தத் தண்ணீரில், எந்தக் கரையில்? யோசித்து ஓட வேண்டும் என்று சொன்னவன். அவனுக்காகத் துடிக்க வேண்டிய நெஞ்சு, அவன் பெயரைப் போட்டுக்கொண்டிருந்த இன்னொருவனுக்காக அடித்திருக்கிறது. அதை யாரிடம் சொல்லி ஆற? அந்தக் குருநகர்ப் பெடியனை ஏச ஒரு சொல்லைத் தேடினாள். எழுதத் தொடங்கி அழித்தாள். ஏசினால் அவன் போய்விடுவான் என்று திடீரென்று உறைத்தது. போனால் அந்தப் பச்சைப் புள்ளி அணைந்துவிடும். நிருஷன் என்ற பெயருக்குப் பக்கத்தில் உலகத்தில் எரிந்துகொண்டிருப்பது அது ஒன்றுதான்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நின்றாள். பின்னேரம் குளித்திருந்தாள். நெற்றியில் பொட்டு ஈரமாக இருந்தது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் மருமகனின் பெயரை எழுத்துக் கூட்டப் பழகி வைத்திருந்தாள். திரையின் நடுவில் அது இருந்தது. அம்மாவின் கண் அதில் நின்றது. பிறகு கீழே போய், கஜானியின் நட்சத்திரத்துக்கு அடியில் அதே எழுத்துகளைக் கண்டு, அங்கேயும் நின்றது.

"பேரை எழுதிப்போட்டியோ?" என்றாள்.

கஜானி திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா கோப்பையை மேசையில் வைத்தாள். ஆவி பறந்தது. போகாமல் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கஜானி அந்தப் பிடியைத் தன் முதுகில் உணர்ந்தாள்.

"சாப்பிட்டாராமோ எண்டு கேள்" என்றாள் அம்மா.

அம்மா இன்னொரு தடவை சொல்லவில்லை, விலகவும் இல்லை. கடைசியில் கஜானி தட்டினாள்.

"அம்மா கேக்கிறா. சாப்பிட்டாச்சோ எண்டு."

அங்கே யாரோ எழுதுவதும் நிறுத்துவதுமாக இருந்தது. பிறகு வந்தது.

"ஓம் எண்டு சொல்லுங்கோ அக்கா."

"ஓமாம்" என்றாள் கஜானி.

அம்மா "ம்" என்றாள். கதிரையை விடவில்லை. இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிருஷன் விளையாட்டை நிறுத்தி வைத்திருந்தான். ஒரு விசையைத் தட்டினால் காலம் மறுபடி ஓடும். கஜானியின் விரல் அதன் மேலேயே கிடந்தது. விட்ட நட்சத்திரத்துக்கும் போய்ச் சேரும் நட்சத்திரத்துக்கும் நடுவில், இருட்டில், விளக்குகள் எரிய, அவனுடைய கப்பல்கள் நின்றுகொண்டிருந்தன.